உன் வயதிலிருந்து எடுத்த இரண்டு வருடம்

தம்பி,

இதைச் சொல்வது நான், உன் அம்மா. எழுதுவது உன் தங்கச்சி. எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும் என்பது உனக்குத் தெரிந்ததுதான். நான் பேசுகிற பேச்சை இவள் பள்ளிக்கூடத்து நடைக்கு மாற்றிக்கொண்டே எழுதுகிறாள். "நான் சொல்றபடியே எழுதுடி" என்றால், "அப்படி எழுதுனா அண்ணன் சிரிக்கும்மா" என்கிறாள். உன் அப்பாவுக்கு இந்த வாரம் மில்லில் ராத்திரி ஷிப்ட். அவர் வண்டி தெருமுனையைத் தாண்டிய பிறகு உட்கார்ந்து, மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறோம். வெளியே ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் இவள் தாளைக் கணக்கு நோட்டுக்குள் சொருகிவிடுகிறாள். இவளுக்கு அப்பாவிடம் பயம். உன்னிடமும் பயம். உன்னைப் பார்த்து இவள் பயப்படுவாள் என்று நீ நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டாய்.

போனில் சொல்லியிருக்கலாம். சொல்ல ஆரம்பித்தால் நீ "சரிம்மா, மீட்டிங்ல இருக்கேன், வச்சிரு" என்பாய். போனில் பேசிப் பதிந்து அனுப்பினால் அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறாயாம், என் குரல் எலி கத்துவது போல இருக்குமாம், இவள் சொல்லிச் சிரித்தாள். கடிதத்தை வேகமாக ஓடவிட முடியாது. இதில் யார் பெயரையும் நான் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. சாயங்காலம் உன்னிடம் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளின் தாய்மார்களுக்கு நீ இதைக் காட்டினாலும் எனக்குச் சம்மதம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். சாப்பிட்டு முடித்துக் கை துடைத்த பிறகு ஒரு தாளை எடுத்து வைத்தாய். "பத்தாவது பரீட்சைக்குப் பேரு போறதுக்குள்ள முடிக்கணும்மா. அதுக்கப்புறம் தேதிய மாத்த முடியாது" என்றாய். இவளைத் திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போய், நீ இருக்கிற பக்கத்துப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் திரும்ப உட்கார வைப்பதாகச் சொன்னாய். பதினைந்து வயதுக்காரி பதின்மூன்று ஆகிவிடுவாள். பதினாலு வயதுக்குட்பட்ட கூடைப்பந்து டீமில் இவள்தான் பெரியவளாக நிற்பாள், மாநில அணிக்குப் போவாள், பிறகு காலேஜில் இடம், பிறகு உனக்குக் கிடைத்தது போல அரசாங்க வேலை. நீ ஒவ்வொரு படியாகச் சொன்னாய். உன் அப்பா அங்கேயே கையெழுத்துப் போட்டார். நான் "கை ஈரமா இருக்குப்பா, பொறவு போடுறேன்" என்றேன். "சனிக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். அடுப்படி வாசலில் உன் தங்கச்சி செம்பை வைத்துக்கொண்டு நின்றிருந்தாளே, அவளை நீ ஒரு வார்த்தை கேட்டாயா?

நீ போன பிறகு அந்தத் தாளை எனக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன். இவள் வாசித்தாள். இந்த ஊரில், எங்கள் வீட்டில், இன்ன தேதியில் பெண் குழந்தை பிறந்தது, பதிவு செய்ய விட்டுப்போனது என்று இருந்தது. இவள் பெரியாஸ்பத்திரியில் பிறந்தவள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, நீ யூனிபார்மோடு வந்து எட்டிப் பார்த்தாய். அந்தத் தாளில் இருப்பது வேறு யாரோ ஒரு பிள்ளை. தான் பிறக்காத ஒரு நாளில் தான் பிறந்ததாகப் பெற்ற தாய்க்கே வாசித்துக் காட்டுகிற நிலைமை இவளுக்கு வந்தது. வாசித்து முடித்துவிட்டு, "எம்மா, கைய எக்ஸ்ரே எடுத்தா எலும்புல வயசு தெரிஞ்சிருமாம்ல?" என்று கேட்டாள். போன வருடம் இவள் பள்ளி டீமோடு ஆட வந்த வேறு ஊர் டீமில் ஒரு பெண்ணை அப்படித்தான் திருப்பி அனுப்பினார்களாம். "அந்தப் பிள்ளைய யாரும் திட்டக்கூட இல்லம்மா. அவுக பஸ்ஸுல அது பக்கத்து சீட்டு மட்டும் காலியா இருந்துச்சு" என்றாள். அன்றிலிருந்து இவள் சரியாகச் சாப்பிடவில்லை. மணிக்கட்டைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொள்கிறாள்.

இப்போது நான் உன்னுடைய கதையைச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த பாதி வேறு, எனக்குத் தெரிந்த பாதி வேறு.

நீ எட்டாம் வகுப்பில் இருந்தபோது பி.டி. சார் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுசன், நம் வீட்டுப் பழைய சோற்றைக்கூட மதித்துச் சாப்பிட்டவர். "உங்க மகனுக்கு ஒசரம் இருக்கு, ஓட்டம் இருக்கு. வயசுதான் ரெண்டு கூட இருக்கு. அதக் கொறச்சிட்டா இவன எவனும் நிறுத்த முடியாது" என்றார். ஏதோ தலைமுடியைக் குறைக்கச் சொல்வது போலத்தான் சொன்னார். நீ வீட்டில் பிறந்தவன், பஞ்சாயத்தில் பதியாமல் விட்டிருந்தோம், அதனால் சுலபமாகப் போயிற்று. தாலுகா ஆபீஸ் பக்கத்தில் டைப் அடிக்கிற கடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இவள் ஆறு மாதக் குழந்தை, என் மடியில். ஒரு கையால் இவளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கையெழுத்துப் போட்டேன். டைப் அடித்தவர் "புள்ள தேதி சொல்லுங்கம்மா" என்றார். நான் யோசிக்காமல் உண்மையான தேதியைச் சொல்லிவிட்டேன். உன் அப்பா முறைத்தார். பிறகு அவரே வேறொன்று சொன்னார்.

வேறு பள்ளியில் உன்னைத் திரும்ப ஆறாம் வகுப்பில் சேர்த்தோம். முதல் நாள் சாயங்காலம் வந்து பையைத் தூக்கி எறிந்தாய். "கிளாஸுல எல்லாப் பயலும் என்னய மாமாங்குறான்" என்றாய். நான் சிரித்தேன். அன்று சிரித்திருக்கக் கூடாது. அடுத்த வருடம் உனக்கு மீசை அரும்பியது. மாவட்ட டீம் எடுக்கிற அன்று காலையில் உன்னை முக்காலியில் உட்கார வைத்து, அப்பாவின் ரேசரை வைத்து நானே மழித்துவிட்டேன். பிளேடு பட்டு உதட்டுக்கு மேலே ஒரு கீறல் விழுந்தது. "அம்மா, மழிச்சா திரும்ப அதிகமா வளருமாமே" என்று நீ பயந்தாய். "வளந்தா திரும்ப மழிப்போம், பேசாம இரு" என்றேன். மற்ற தாய்மார்கள் பிள்ளைகளுக்குத் தலை சீவிவிட்டு அனுப்பிய காலையில் நான் உனக்கு மீசை மழித்து அனுப்பினேன்.

அன்று நீ ஆடியதை நான் மறக்கவில்லை. பிள்ளைகளுக்கு மேலாக உன் கை நீண்டது, பந்து தானாக உன்னிடம் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். அந்தப் பக்கம் ஒரு பையன் இருந்தான். செம்பட்டி ஊர்க்காரன். குட்டை. ஆனால் பந்து அவன் கையை விட்டுப் போகாது, தரையோடு ஒட்டிக்கொண்டு போவான். அவன் கூடைக்கு எறிந்த பந்தை இரண்டு தடவை நீ மேலிருந்து தட்டிவிட்டாய். கடைசியில் பெயர் வாசித்தபோது உன் பெயர் இருந்தது, அவன் பெயர் இல்லை. அவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அவன் அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். என்னைவிடச் சின்னவள், தோட்ட வேலை செய்கிறவள். கோபப்படவில்லை. என்னைப் பார்த்து, "அக்கா, ரெண்டு பேருக்கும் ஒரே வயசுதான். உங்க பிள்ளைக்கு அப்படி என்னத்தக் குடுக்குறீக?" என்று கேட்டாள்.

அவள் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் என்ன சொல்லியிருக்கலாம்? ஒன்றும் சொல்லாமல் எழுந்து போயிருக்கலாம். "கேப்பைக் களிதாம்மா. தெனம் ரெண்டு முட்டை, ராத்திரி பாலு" என்றேன். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். "காலையிலயா, ராத்திரியாக்கா முட்டை?" என்று மறுபடி கேட்டாள். "காலையில" என்றேன்.

இதை நான் உனக்கு இதுவரை சொன்னதில்லை.

பிறகு நீ மாநில அணிக்குப் போனாய், ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்குப் போனாய், காலேஜில் பந்துக்காகவே இடம் கொடுத்தார்கள். உன் பிறந்தநாள் அன்று நான் போன் செய்தேன். நீ குரலைத் தாழ்த்தி, "இன்னைக்கு இல்லம்மா, பசங்க பக்கத்துல இருக்காங்க, வையி" என்றாய். அதற்குப் பிறகு உன் பிறந்தநாளில் நான் கூப்பிடவில்லை. தாளில் இருக்கிற தேதியில் உன் கூட்டாளிகள் கேக் வெட்டி முகத்தில் பூசிய படத்தை அனுப்புவாய். படத்தைப் பார்ப்பேன். அன்றைக்கு நான் யாரையும் பெறவில்லையே என்று தோன்றும்.

காலேஜில் இரண்டாவது வருடம் நீ பேசியது ஞாபகம் இருக்கிறதா? "எம்மா, எல்லாரும் வளந்துட்டாங்கம்மா. நான் நின்னுட்டேன்" என்றாய். உயரமானவன் என்று எடுத்தவனை இப்போது குட்டை என்று பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். உயரத்தை வைத்துத்தான் அதுவரை ஆடியிருந்தாய். இனிமேல் டீமில் இடம் வேண்டுமென்றால் கார்டு ஆக வேண்டும் என்று கோச் சொன்னாராம். பந்தைக் கீழேயிருந்து தட்டிக்கொண்டு போய், யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்த்துக் கொடுக்கிறவன். பன்னிரண்டு வயதில் கற்க வேண்டியதை நீ இருபத்தொரு வயதில் ஆரம்பித்தாய். லீவில் வந்தபோது இடது கையில் சாப்பிட்டாய், இடது கையில் பல் தேய்த்தாய். "ஏலே, சோத்தாங்கை எங்க போச்சு?" என்று அப்பா கத்தினார். நீ இடது கையாலேயே குழம்பைச் சிந்திச் சிந்திச் சாப்பிட்டாய். ஒருவரிடமும் சொல்ல முடியாத ஒரு பிழையை உன் உடம்பை வைத்தே சரிக்கட்டப் பார்த்தாய். அதற்காக உன்னை நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். இப்போதும்தான்.

கடைசி வருடம் திண்டுக்கல்லில் உன் ஆட்டத்தைப் பார்க்க வந்தேன். அப்போதுதான் உன்னைக் கார்டாக முதல் தடவை பார்த்தேன். நீ அதிகம் கூடையில் பந்து போடவில்லை. போடுகிறவன் கைக்குப் பந்து போய்ச் சேருகிற மாதிரி பார்த்துக்கொண்டாய். பக்கத்தில் இருந்த பெரியவர் "இந்தப் பய இல்லேன்னா மத்த நாலு பேரும் வழி தெரியாம நிப்பானுக" என்றார். எனக்கு அந்தச் செம்பட்டிப் பையன் ஞாபகம் வந்தான். நீ கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டது அவனுக்குச் சின்ன வயதிலேயே கையில் இருந்தது. அடுத்த மாதம் உன் முட்டி போயிற்று. ஆஸ்பத்திரியில் டாக்டர் வயது கேட்டபோது நீ என் முகத்தைப் பார்த்தாய், எதைச் சொல்ல என்று. நானும் உன்னைப் பார்த்தேன். டாக்டர் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் பஸ்ஸில் அந்தப் பையனின் அம்மாவைத் திரும்பப் பார்த்தேன். செம்பட்டியில் ஏறி என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. "உங்க மகன் காலேஜுல ஆடுறானாமேக்கா. நல்லா இருக்கட்டும்" என்றாள். அவள் மகனைக் கேட்டேன். "அவன் அன்னைக்கோட விட்டுட்டான். இப்பக் காய்கறி வண்டி ஓட்டுறான். நீங்க சொன்னீகள்லக்கா முட்டைன்னு, அதுக்காகவே நாலு கோழி வளத்தேன். பின்னால நல்லா வளந்துட்டான், உங்க மகன் ஒசரம் இருப்பான். என்ன செய்ய, வேண்டிய நேரத்துல நான் ஒழுங்கா சோறு போடல" என்றாள். நான் இரண்டு ஸ்டாப்புக்கு முன்னாலேயே இறங்கி வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்தேன்.

உன் கல்யாணப் பேச்சில் பெண்ணின் தாய்மாமா கேட்டாரே, அதையும் யோசித்துப் பார். "சர்டிபிகேட்டுல இருபத்தி நாலு, ஜாதகத்துல இருபத்தாறு. மாப்ள எப்பத்தான் பொறந்தாரு? தாயி, நீங்களாவது சொல்லுங்க" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. "வெளையாட்டுக்காகப் போட்டது மாமா" என்று உன் அப்பாவும் சிரித்தார். எல்லாருக்கும் இது சாதாரணம். ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தருக்காவது இரண்டு பிறந்தநாள் இருக்கிறது. ஆனால் அன்று நீ சிரிக்கவில்லை. காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதைப் பார்த்தவள் நான். அதனால்தான், போன ஞாயிற்றுக்கிழமை நீ இந்தத் தாளை எடுத்தபோது என்னால் நம்ப முடியவில்லை. உனக்கு வலித்தது உனக்கே மறந்துவிட்டதா தம்பி?

"எல்லாரும் செய்றாங்கம்மா. நாம செய்யலன்னா நம்ம பிள்ளதான் வெளிய நிக்கும்" என்று நீ சொல்வாய். அது உண்மையாகவும் இருக்கலாம். அதற்குப் பதில் சொல்கிற அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லை. வெளியே நின்ற ஒரு பிள்ளையின் தாயை மட்டும் எனக்குத் தெரியும்.

நேற்று செம்பட்டிக்குப் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவள் வாசலில் வெங்காயம் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். "என்னக்கா, இம்புட்டுத் தூரம்?" என்று பதறிப்போய் உள்ளே கூப்பிட்டாள். நான் நின்றபடியே சொன்னேன். என் மகனுக்கு அன்றைக்கு உங்கள் மகனைவிட இரண்டு வயது அதிகம், தாளில் குறைத்திருந்தோம், காலையில் மீசை மழித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன், முட்டை என்று சொன்னது பொய், எங்கள் வீட்டில் வாரம் ஒரு முட்டைகூட இல்லை. அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் வெங்காயத்தைத் துழாவினாள். பிறகு, "அப்ப எஞ் சோத்துல குத்தம் இல்லையாக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "இல்லல்ல?" என்று இன்னொரு தடவை கேட்டாள். பிறகுதான் அழுதாள். எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். "வராதீக இனிமே" என்றாள்.

அவள் இதை யாரிடமும் சொல்லலாம். அவள் மகன் கோபப்பட்டு உன் ஆபீஸுக்கு எழுதிப் போடலாம். சொல்லாதே என்று நான் அவளிடம் கேட்கவில்லை, கேட்கிற தகுதி எனக்கு இல்லை. உன் வேலைக்கு என்னால் ஆபத்து வந்தால், அம்மாதான் கெடுத்தாள் என்று நீ சொல்லிக்கொள். அது பொய்யாகவும் இருக்காது. உன் வயதைப் பற்றி நானாக எந்த ஆபீஸிலும் போய்ப் பேச மாட்டேன், அதை நீதான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் இவள் வயது உன்னுடையது இல்லை. இதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். எனக்குப் பதிலாக யாரையாவது போட வைத்துக்கொண்டு இவளை அழைத்துப் போனாயென்றால், டீமுக்குப் பெயர் கொடுக்கிற மேசைக்கு முன்னால் வந்து நிற்பேன். இந்தப் பிள்ளையை எந்த நாளில் பெற்றேன் என்று அவர்களிடம் சொல்லுவேன்.

உனக்குத் தெரிந்த விளையாட்டை இவளுக்குச் சொல்லிக் கொடு. இரண்டு கையாலும் பந்து தட்டக் கற்றுக் கொடு, சின்ன வயதிலேயே. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது தலையை நிமிர்த்தி உட்காருவது எப்படி என்று சொல்லிக் கொடு, அது உனக்கு நன்றாகத் தெரியும். டீமில் எடுக்காவிட்டால் எடுக்கவில்லை. இவள் வேறு ஏதாவது படிப்பாள்.

மனசு விட்டுப் பேசிவிட்டேன். கோபம் இருந்தால் கோபத்தோடேயே வா, சாப்பிட்டுவிட்டுப் பேசலாம். கீழே கொஞ்சம் இடம் விட்டு, இவளுக்கு என்ன வேண்டும் என்று இவளையே எழுதச் சொல்லியிருக்கிறேன். என்ன எழுதுகிறாள் என்று நான் கேட்கப் போவதில்லை.

அண்ணே, எனக்குப் பதினஞ்சு. திருச்சிக்கு வரமாட்டேன்னு நான் சொல்லல. வாரேன். பத்தாவதுலயே சேத்துவிடு. பதினேழு வயசு டீமுக்கு நிக்கிறேன், அவுக எல்லாம் என்னயவிட ஒசரமா இருப்பாக, தெரியும். எடுக்கலன்னா அடுத்த பஸ்ஸுல வீட்டுக்கு வந்துருவேன், அழ மாட்டேன். அம்மாவ ஒன்னும் சொல்லாத, திட்டுறதுன்னா என்னயத் திட்டு. எனக்குப் பயமாத்தான் இருக்கு. சனிக்கிழமை நீ வர்றப்ப நான் அடுப்படியில நிக்க மாட்டேன். எங்க பள்ளிக்கூடத்துக் கோர்ட்டுல இருப்பேன். ஷூ போட்டுட்டு அங்க வா.